செப்புச் சன்னத்துக்கு மாறுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கென்று மட்டக்களப்பு மாமாங்கம் வந்த வெளிநாட்டு உறவுகள், வேட்டை ரைபிளில் ஈயச் சன்னத்தை (தோட்டாவிலிருந்து பறக்கிற முனையை) விட்டுச் செப்புக்கு மாறுவது பற்றி என்னை விறாந்தையில் இருத்தி வைத்துக் கேட்டவை இவை. சில, எழுதி அனுப்பியவை. நான் கொக்கட்டிச்சோலையில் பிறந்தவன். 22 வருடம் கனடாவின் அல்பேர்ட்டாவில் மானும் மூஸும் (மான் இனத்திலேயே பெரியது) சுட்டவன், தோட்டாவை வீட்டில் நானே நிரப்பியவன். இப்போது கல்லடியில் இருக்கிறேன், துவக்கு இல்லாமல். இங்கே சொல்வதெல்லாம் அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாட விடுகிற நாடுகளுக்கானது. நம் ஊரில் மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குள் அடங்கியவை. அதைப் பற்றி என்னிடம் வரவேண்டாம்.

மாமா, என்னிடம் .308 ரைபிள் இருக்கிறது. இவ்வளவு காலமும் 180 கிரெயின் எடையுள்ள ஈயச் சன்னம்தான். செப்பிலும் அதே 180 வாங்கட்டுமா? (ஸ்காபரோ மருமகன்)

வேண்டாம், மருமகன். கனமான சன்னத்தை நாங்கள் ஏன் விரும்பினோம் என்று முதலில் பார். ஈயம் மெத்தென்றது. எலும்பில் இடித்தால் பிய்ந்து கொட்டும். 180 கிரெயினாக உள்ளே போனது சில வேளை 110 அளவில்தான் மிஞ்சும். வழியில் சிந்தும் என்று தெரிந்து மூட்டையில் இரண்டு கொத்து நெல் கூடுதலாகப் போடுவதுபோலத்தான் எடையைக் கூட்டிப் போட்டோம். செப்பு சிந்தாது. முனையில் உள்ள குழி திறந்து இதழ் இதழாக விரியும். பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்கு எடை அப்படியே இருக்கும். மானின் உடம்புக்குள் வேலை செய்யும் நேரத்தில் 130 கிரெயின் செப்பு, உன் பழைய 180ஐ விடக் கனமானது.

ஆனால் அந்த இதழ் விரிய வேகம் வேண்டும். நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் நான் நம்பமாட்டேன், பெட்டியில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும். .308இல் 130 கிரெயின் ஏறத்தாழ 3,000 அடி வேகத்தில் கிளம்பும். 400 யார் (கஜம்) தூரம் வரை அந்த எல்லைக்கு மேலே நிற்கும். 180 கிரெயின் செப்பு 2,550 அளவில் கிளம்பி 300 யாரிலேயே எல்லையைத் தொட்டுவிடும்.

இன்னொன்று நீளம். வீச்சு வலைக்கு ஈயமணி கோர்த்தவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஈயத்தின் அடர்த்தி 11.34, செப்பினுடையது 8.96. அதே பருமனில் அதே எடை வேண்டுமென்றால் செப்பு நீண்டே ஆகவேண்டும். நீண்ட சன்னத்துக்குக் குழலின் திருகு (சன்னத்தைச் சுழற்றிவிடும் உள்வரி) வேகமாக இருக்கவேண்டும். பழைய .308கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான். அதில் 180 செப்பு தள்ளாடும். மானுக்கு 130. மூஸும் சேர்த்து என்றால் 150. அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை. வாங்கியதும் தாளில் சுட்டுப் பார். ஒரு குழலுக்குப் பிடித்தது அடுத்த குழலுக்குப் பிடிக்காது.

.270, 6.5 கிரீட்மோர், 7 எம்எம்-08 ரைபிள் மூன்றுக்கும் சொல்லுங்கள் அண்ணே.

.270க்கு 110 அல்லது 130. மற்ற இரண்டுக்கும் 120. தாளில் சுட்டுப் பாருங்கள்.

அப்பாவின் .303 லீ-என்ஃபீல்ட் இருக்கிறது. .308இன் செப்புச் சன்னத்தை அதற்கு நிரப்பலாமா?

கூடாது. .303இன் சன்னம் 0.311 அங்குலம்; .308இனுடையது 0.308. குழலுக்குள் லூசாகப் போகும், எங்கே படும் என்று சன்னத்துக்கே தெரியாது. .303க்கென்றே 150 கிரெயின் செப்பு செய்திருக்கிறார்கள், அதைத் தேடுங்கள்.

செப்பு குழலைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

பழைய கதை, ஆனால் பொய்யல்ல. 1989இல் பார்ன்ஸ் கம்பனியின் எக்ஸ் என்ற செப்புச் சன்னம் வந்தபோது குழலில் செப்பு அப்பியது, அழுத்தமும் ஏறியது. பிறகு 2003இல் வந்த அவர்களுடைய டிஎஸ்எக்ஸில் இடுப்பைச் சுற்றி வளையப் பள்ளம் வெட்டினார்கள்; உராய்வு குறைந்தது. வீட்டில் நிரப்புகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ஈயச் சன்னத்துக்கான வெடிமருந்தளவைச் செப்புக்குப் போடாதீர்கள். நீண்ட சன்னம் தோட்டாவுக்குள் இடத்தைப் பிடித்து அழுத்தத்தை ஏற்றும். சன்னத்தைக் குழல் வரியோடு முட்ட வைக்காதீர்கள், 0.05 அங்குலம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். பிறகு தாளில், சொல்லவே வேண்டாம்.

ஐயா, பயிருக்குப் பன்றி வருகிறது. 12 போர் உருண்டைத் துவக்குக்கு இந்தச் செப்பு கிடைக்குமா? (வெல்லாவெளி விவசாயி)

உங்கள் துவக்குக்கும் நான் பேசுகிற சன்னத்துக்கும் சம்பந்தமில்லை. அனுமதிப்பத்திரத்துக்குக் கொடுக்கிற எஸ்.ஜி. (பெரிய உருண்டை) தோட்டாவே உங்களுக்குப் போதும். மற்றதை மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். கட்டுத்துவக்கும் (பொறியாகக் கட்டி வைக்கிற துவக்கு) ஹக்கபட்டாசும் (இரைக்குள் வைக்கிற வெடி) மட்டும் வேண்டாம். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது.

மச்சான், இதெல்லாம் வெள்ளைக்காரனின் வியாபாரம். நம் அப்பனும் பாட்டனும் ஈயம் பட்ட இறைச்சி தின்றுதான் வளர்ந்தார்கள். என்ன ஆயிற்று? (வாழைச்சேனையிலிருந்து)

அப்பன் பாட்டன் சுட்டது பன்னிரண்டு போரில், மச்சான். அந்த உருண்டைகள் 1,300 அடி வேகத்தில் போய்ப் பெரும்பாலும் உருண்டையாகவே நிற்கும். பல்லில் கடிபட்டதும் துப்புவோம். ரைபிள் சன்னம் அதைப்போல இரண்டு மடங்கு வேகம். இடித்ததும் ஈயம் தூளாகி, காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் இறைச்சிக்குள் கிடக்கும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியை ஊடுகதிர்ப் படம் பிடித்துப் பார்த்து, ஈயத்துகள் கண்டு, கொட்டச் சொன்னார்கள்.

அப்படியென்றால் வலைக்கு ஈயமணி கோர்க்கிற மீனவன் எல்லாரும் செத்திருக்க வேண்டுமே! பல்லால்தானே கடித்து இறுக்குகிறான்? (அதே மச்சான்)

சாகவில்லை என்பதால் நல்லது என்று அர்த்தமா? ஈயம் ஆளை ஒரே நாளில் வீழ்த்துகிற சாமான் அல்ல. பிள்ளையின் மூளையில்தான் முதலில் கை வைக்கும். வகுப்பில் பின்தங்கினால் ஈயத்தை யார் நினைப்பார்கள்? மணியைக் குறட்டால் இறுக்கச் சொல். கலிஃபோர்னியாவில் வேட்டைக்காரன் விட்டுப்போன குடலைத் தின்று கொண்டர் கழுகுகள் செத்தன. அதனால் 2019 ஜூலையிலிருந்து அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. டென்மார்க்கில் 2024 ஏப்ரலிலிருந்து ரைபிளுக்கும் ஈயச் சன்னம் தடை. வியாபாரம் என்கிறாய். செப்புப் பெட்டி விலை கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடத்துக்கு ஒரு மானுக்கு எத்தனை சன்னம் செலவாகும், சொல்?

இரண்டு பேரும் போதும்! செப்பு பட்ட மான் நெடுந்தூரம் ஓடுகிறதாமே மாமா? (கேட்டவர் என் அக்காவின் மகள், ஒஸ்லோ)

இதுதான் மகள், இன்று வந்த கேள்விகளில் நல்லது. ஓடும். ஈயம் நுரையீரலுக்குள் வெடித்துச் சிதறும். செப்பு நேராகத் துளைத்துப் போகும், காயம் ஒடுக்கம். விலா நடுவே மெத்தையான இடத்தில் சுட்டால் நூறு யார் ஓடிப் பற்றைக்குள் விழலாம். செப்போடு போகிறவர் தோள் எலும்பைச் சேர்த்துச் சுடவேண்டும். எலும்பு உடையும், சன்னமும் நன்றாக விரியும், மான் அந்த இடத்திலேயே படுக்கும். ஈயத்தால் தோளைச் சுட்டால் முன்கால் இறைச்சி முழுதும் இரத்தம் கட்டிப் பாழாகும். செப்பில் அது குறைவு.

.308க்கு 165 நல்லதா, 180 நல்லதா?

மேலே.

.30-06க்கு 180 செப்பு போடலாமா?

மேலே. சரி, .30-06இல் மருந்துக்கு இடம் அதிகம், 150 அல்லது 168. 180ஐ விடவே மாட்டீர்களா?

எந்தக் கம்பனி திறம்?

பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹோர்னடி சிஎக்ஸ், நோஸ்லர் ஈ-டிப், லாப்புவா நட்டுராலிஸ் எல்லாம் வேலை செய்யும். எதன் துளைகளைத் தாள் ஒரு அங்குலத்துக்குள் காட்டுகிறதோ அது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது காட்ட இரண்டு தோட்டா கொண்டுவரவா?

ஒரு வெறும் கோதுகூடக் கொண்டுவராதே. வேட்டைக்குப் போன பையில் சாமான் அடுக்கவும் வேண்டாம். மறந்துபோன ஒன்று மூலையில் கிடந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உனக்குத்தான் வேலை.

மாமா, உங்கள் பழைய .308 இப்போது யாரிடம்?

வாழைச்சேனை மச்சானின் தம்பியிடம், கல்கரியில். 130 செப்பு இரண்டு பெட்டியும் சேர்த்தே கொடுத்தேன். பெட்டி இன்னும் உடைக்காமல் இருக்கிறதாம். 180 ஈயம் போடுகிறான்.