அதே விலைக்கு 22 கோர் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பாடங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வேண்டாததை வெட்டிவிட்டு மாணவர்களுக்கு அனுப்புவது வழக்கம். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். புதுக் கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேர் போனோம். இன்டெல் ஐ3-12100 புராசசரே போதும் என்கிறார் கடைக்காரர். அதில் கோர், அதாவது புராசசருக்குள் தனித்தனியே கணக்குப்போடும் பகுதி, 4தான். மகனோ பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் ஸியான் இ5-2699 வி4 என்ற பழைய சர்வர் புராசசரை, அதாவது நிறுவனங்களின் பெரிய கணினிகளுக்கானதை, காட்டுகிறான். அதில் 22 கோர், விலையும் கிட்டத்தட்ட அதேதான். “அஞ்சு மடங்கும்மா, அந்தக் கடைக்காரர் நம்மள ஏமாத்துறார்” என்கிறான். திரை நீங்கலாக 1,200 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, அம்மா. ஆனால் அவர் சொன்ன நான்கு கோரோடு நிற்க வேண்டாம், ஆறு கோர் டெஸ்க்டாப் புராசசராகப் பாருங்கள். மகன் காட்டும் சர்வர் சிப் இந்த வீட்டுக்குத் தோதுப்படாது. அதற்காக அவன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது.

முதலில் அந்த ஸியான் ஏன் இவ்வளவு மலிவு என்று பார்த்துவிடுவோம். 2016இல் அது வெளிவந்தபோது இன்டெல் அறிவித்த விலை 4,115 அமெரிக்க டாலர். ஆயிரக்கணக்கில் அவற்றை வாங்கிப்போட்ட தரவு நிலையங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டின. சிப் கெட்டுப்போனதால் கழிக்கவில்லை. அதே மின்சாரத்தில் இரண்டு மூன்று மடங்கு வேலை செய்யும் புதிய சிப் வந்துவிட்டது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. நாட்டின் மொத்த மின்சாரத்தில் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்களே இழுத்துக்கொண்டதால், 2019 முதல் 2022 வரை புதிய நிலையங்களுக்கு அனுமதி தருவதையே அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. கட்டடமும் மின்சாரமும் இப்படி எண்ணிக் கிடைக்கிற ஊரில் பழைய சிப்பை யாரும் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதைத்தான் மகன் கரோசலில் பார்க்கிறான்.

இனி அந்த ஐந்து மடங்குக் கணக்கு. கோர்களை எண்ணுவதோடு, ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐ3-12100 2022இல் வந்தது, உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 430 கோடி துடிப்பு. ஸியானின் உச்சம் 3.6. எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது அதுவும் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கதையில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் புதிய கோர் முடிக்கும் வேலையும் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஸியானின் ஒரு கோர், ஐ3இன் ஒரு கோரில் ஏறத்தாழ 60 விழுக்காடு வேகம்தான் என்று கொள்ளலாம்.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ3இன் ஒற்றைக் கோரில் அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அதில் ஆறு நிமிட வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போடலாம், மீதி நான்கு நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும். நான்கு கோர் ஐ3 இதை நான்கும் ஒன்றரையுமாக ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடும். 22 கோர் ஸியானில் பங்கு போட்ட பகுதி நொடிகளில் முடிந்துவிடும், ஆனால் பங்கு போட முடியாத நான்கு நிமிடம் மெதுவான கோரில் ஆறு நிமிடம் 40 நொடியாக நீளும். மொத்தம் ஏழு நிமிடத்தைத் தாண்டிவிடும். ஐந்து மடங்கு கோர் இருந்தும் பின்தங்கிவிட்டது. ஜீன் அம்டால் என்ற கணினி வல்லுநர் 1967இலேயே சொல்லிவைத்த கணக்கு இது. அண்டா பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க 22 பேர் வந்தால் வேலை பறக்கும், தம் போட்ட பிறகு அந்த 22 பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

முழுக்கப் பங்கு போடக்கூடிய வேலை என்றால் கதை மாறும். அப்போது ஐ3க்கு இரண்டரை நிமிடம், ஸியானுக்குக் காகிதக் கணக்கில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடைமுறையில் இடைவெளி அவ்வளவு இருக்காது, ஆனாலும் ஸியான்தான் முந்தும். மகன் வேகச் சோதனை மதிப்பெண்கள் எதையாவது பார்த்திருந்தால் அவை இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். முப்பரிமாணப் படங்களை உருவாக்குவது, பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்வது (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) போன்றவை அப்படிப்பட்ட வேலைகள். ஆனால் எட்டு கோர் உள்ள இன்றைய நடுத்தர டெஸ்க்டாப் சிப்பே அந்த மொத்த மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட ஸியானுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் நடக்கும் வேலைகள் எந்த வகை? பிரௌசர், வோர்ட், எக்செல், ஸூம் வகுப்பு, மகனின் விளையாட்டுகள் எல்லாமே பெரும்பாலும் ஓரிரு கோர்களின் வேகத்தை நம்பியிருப்பவை. உங்கள் காணொளிக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இப்போதைய கைப்பேசிகள் பல காணொளியை எச்.265 முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டுவதற்கென்றே ஐ3-12100இன் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதியோடு ஒரு தனிச் சுற்று இருக்கிறது. இன்டெல் அதை க்விக் சிங்க் என்கிறது. அந்த ஸியானில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது, போட்டால் அதற்கும் ஒரு செலவு. நீங்கள் எடிட்டிங்கில் இழுத்து இழுத்துப் பார்க்கும்போது காட்சி திக்காமல் ஓட, இருபது கோரைவிட அந்தச் சின்னச் சுற்று அதிகம் உதவும்.

இதே காரணத்துக்காக, கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 12100க்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. சற்று மலிவாக இருக்கும் என்பதால் விலைப்பட்டியலில் அதைத்தான் பல கடைகள் போட்டிருப்பார்கள்.

மகனின் படிப்புக்கு வருவோம். ஒரே கணினிக்குள் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்ட வேண்டியிருக்கும், ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் விண்டோஸ் சர்வர் என்று. இங்கே முதலில் தீர்ந்துபோவது ரேம், அதாவது ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம். 8 ஜிபி வைத்துக்கொண்டு 22 கோர் இருந்தாலும் கணினி திணறும், 32 ஜிபி இருந்தால் ஆறு கோரில் தாராளமாக ஓடும். எப்போதாவது பத்துப் பதினைந்து சர்வர்களைக் கோத்துப் பார்க்கும் பாடம் வந்தால் கிளவுடில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். அமேசானின் கிளவுட் நிலையம் 2010 முதல் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. வேலைக்குப் போன பிறகும் அவன் அதைத்தான் அதிகம் தொடப்போகிறான்.

ஸியானின் விலைச்சீட்டில் தெரியாத செலவுகளும் உண்டு. அதற்கான மதர்போர்டு, அதாவது சிப்பும் ரேமும் உட்காரும் பலகை, இப்போது பழைய சரக்காகவோ, பெயர் தெரியாத சீனத் தயாரிப்பாகவோதான் கிடைக்கும். அதில் சிப் உட்காரும் சாக்கெட்டின் பிடிமானம் இரண்டு வடிவங்களில் வரும். சதுர வடிவம் என்றால் சிப்பைக் குளிர்விக்கக் கடையில் கிடைக்கும் பல கூலர்கள் பொருந்தும், சர்வர் போர்டுகளில் இருக்கும் குறுகிய வடிவத்துக்குத் தனிக் கூலர் தேட வேண்டும். இது தெரியாமல் பெட்டியைப் பிரித்த பிறகு தலையைச் சொறிபவர்கள் நிறைய. சர்வர்களுக்கான ரேம் பழையதாக மலிவாகக் கிடைப்பது உண்மைதான், ஆனால் நாளை சாதாரண டெஸ்க்டாப்புக்கு மாறினால் அந்த ரேமை அதில் போட முடியாது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட புராசசர் பட்டியலில் இந்த ஸியான் இல்லை. சுற்றுவழியில் ஏற்றிவிடலாம், அப்டேட் தொடர்ந்து வரும் என்று உறுதி கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. மாணவர்களின் பெயரும் கட்டண விவரமும் இருக்கும் கணினியில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

மின்கட்டணத்தைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய காரணமாகப் படவில்லை. ஸியான் கணினி சும்மா இருக்கும்போது 50 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்றால், நாளுக்கு ஆறு மணி நேரப் பயன்பாட்டில் மாதம் மூன்று வெள்ளிகூட வராது. இரவு பகலாக ஓட விட்டால்தான் மாதம் 11 வெள்ளியைத் தொடும், ஆண்டுக்கு 130. வெப்பம்தான் தொல்லை. முழு மூச்சாக உழைக்கும்போது அந்தச் சிப் மட்டுமே 145 வாட் அளவில் சூடாகும்படி வகுக்கப்பட்டது. ஐ3க்கு அந்த அளவு 60 வாட், சற்று நேரம் உச்சத்துக்குப் போனாலும் 89. வீவக வீட்டின் சின்னப் படுக்கையறையில் அந்த 145 வாட்டும் காற்றில்தான் கலக்கும், ஏர்கான் அதை வெளியே தள்ள மறுபடியும் மின்சாரம் செலவாகும்.

சிலர் சர்வரை வீட்டுப் பாதுகாப்பறையில் வைத்துவிடலாமா என்று கேட்பதுண்டு. கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை விழுங்கிவிடும், கதவைச் சாத்தினால் சூடும் உள்ளேயே தங்கும். வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் சர்வர் சிப்புக்கு இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குகிறார்கள்? 2022 நவம்பரில் வந்த ஏஎம்டி எபிக் 9654ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 96 கோர், அறிவிப்பு விலை 11,805 அமெரிக்க டாலர். (நம் ஊரில் கார் வைத்திருக்க வாங்கும் சிஓஇ சான்றிதழின் விலைக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை என்பது வேறு விஷயம்.) வாங்குகிறவர்கள் கோர்களுக்காக மட்டும் வாங்குவதில்லை. அது 12 ரேம் வழித்தடங்களில் ஒரே நேரத்தில் தரவை இழுக்கும், ஐ3க்கு இரண்டு. அதில் 6 டெராபைட் வரை ரேம் ஏற்றலாம், ஐ3இல் 128 ஜிபி. கார்டுகளும் டிஸ்க்குகளும் இணைய அதற்கு 128 பிசிஐஇ தடங்கள், ஐ3க்கு 20. ரேமில் ஒரு பிட், அதாவது ஒற்றை 0 அல்லது 1, தானாகப் புரண்டாலும் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி வசதியும் உண்டு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து மோதும் வங்கித் தளத்துக்கு இத்தனையும் தேவை. ஒவ்வொருவரின் கோரிக்கையும் தனித் துண்டு என்பதால் அங்கே வேலை தானாகவே பங்காகிவிடுகிறது. ஒரு தனி வேலையின் வேகத்தைப் பார்த்தால் எபிக்கின் உச்சமும் 3.7 கிகாஹெர்ட்ஸ்தான். உங்கள் எக்செல் கோப்பு அதில் வேகமாகத் திறக்காது.

என்ன வாங்கலாம் என்றால், இன்டெல் ஐ5-12400 அல்லது ஏஎம்டி ரைசன் 5 7600. இரண்டிலும் 6 கோர், இரண்டிலும் கிராஃபிக்ஸ் பகுதி உண்டு (இன்டெலில் அந்த ‘எஃப்’ இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்). பணம் இறுக்கம் என்றால் இன்டெல், அதற்கு டிடிஆர்4 என்ற முந்தைய வகை ரேமை ஏற்கும் மலிவான மதர்போர்டுகள் இருக்கின்றன. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ரைசன். அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பிறகு மதர்போர்டை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 32 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்க 1 டெராபைட் எஸ்எஸ்டி. ரேம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் வாங்கும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். 32 எட்டாவிட்டால் இரண்டு 8 ஜிபி வேண்டாம், ஒற்றை 16 ஜிபி போட்டுவிட்டு இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். அதுவரை கிராஃபிக்ஸ் சற்று மந்தமாக இருக்கும், காலி இடுக்கு மிச்சம் இருக்கும். ஐ3 வாங்கியேயாக வேண்டும் என்றாலும் குடி முழுகிவிடாது. உங்கள் வகுப்பு வேலைக்கு அதுவே போதும். ஆறு கோர் சொல்வது மகனின் படிப்பு மூன்று ஆண்டு ஓட வேண்டுமே என்றுதான்.

அவன் தன் கைக்காசில் பழைய சர்வர் ஒன்றை வாங்கிப் பிரித்து மேயப் பார்த்தால் தடுக்காதீர்கள், கற்றுக்கொள்ள நல்ல வழி அது. பணம் கொடுக்குமுன் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். எபிக் சிப் என்றால் எந்த சர்வரிலிருந்து கழற்றியது என்று விசாரிக்கட்டும், ஏனென்றால் சில நிறுவனங்களின் சர்வரில் ஒருமுறை ஓடிய சிப் அந்த நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், வேறு போர்டில் எழுந்திருக்காது. ஸியான் என்றால் உலோக மேல்மூடியைப் பார்க்கட்டும். மாடல் எண்ணும், எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடும் இருந்தால் கடையில் விற்ற சிப். மாடல் எண்ணுக்குப் பதிலாக ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்றும், கியூவில் தொடங்கும் நான்கெழுத்தும் இருந்தால் அது விற்பனைக்கு முன் சோதனைக்காகக் கொடுத்த மாதிரி. வேகமும் குறையலாம், போர்டு ஏற்காமலும் போகலாம். விற்பவர் போட்ட படத்தில் மேல்மூடி தெரியவில்லை என்றால் தெளிவாக ஒரு படம் கேட்கட்டும். அனுப்ப இழுத்தடித்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம்.