வாசகர் கேள்வி பதில்: மடிக்கணினியும் தொலைக்காட்சித் திரையும்

கேள்வி: எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என்னுடைய மடிக்கணினியை ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக இணைத்தால், திரையில் ‘நோ சிக்னல்’ என்றே வருகிறது. கேபிளை மாற்றியும் பயனில்லை. தொலைக்காட்சியில் பழுது இருக்குமா?
– ஆசிரியை ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தான் இப்போது கவனித்துக்கொண்டிருக்கும் போர்ட்டுக்கு (கேபிளைச் செருகும் துளைக்கு) எதுவும் வந்து சேரவில்லை என்பதைத்தான் அந்த வாசகம் தெரிவிக்கிறது. தொலைக்காட்சியின் பின்புறம் இரண்டு அல்லது மூன்று ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள் இருக்கும்; அவற்றின் அருகிலேயே 1, 2, 3 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கேபிளைச் செருகிய போர்ட்டின் எண்ணை, ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்னும் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுங்கள்.

அதன் பிறகும் படம் வராவிட்டால் மடிக்கணினியின் பக்கம் வாருங்கள். விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ‘பி’ எழுத்தைத் தட்டினால் நான்கு தேர்வுகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், திரையை நீட்டித்தல், இரண்டாம் திரை மட்டும். முன்பு யாரேனும் ‘கணினித் திரை மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டிருந்தால், எத்தனை கேபிள் மாற்றினாலும் தொலைக்காட்சி கறுப்பாகவே இருக்கும். பாடம் நடத்துவதற்கு இரண்டாவது தேர்வே ஏற்றது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் தொலைக்காட்சியில் முகப்புப் படம் மட்டும் தெரியும். திறந்து வைத்த பாடம் மடிக்கணினியிலேயே நின்றுவிடும். அதைக் கண்டு கணினி கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால், இரு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் காணத் தவறியிருக்கலாம். தன்னால் எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்ற விவரத்தைத் தொலைக்காட்சி அதே கேபிள் வழியாகவே மடிக்கணினிக்குத் தெரிவிக்கிறது. அந்தத் தகவல் ஒருமுறை தடைபட்டால், சில மடிக்கணினிகள் படம் அனுப்பவே முற்படுவதில்லை. ஆகவே இரண்டையும் அணைத்து, தொலைக்காட்சியின் பிளக்கையும் கழற்றி ஓரிரு நிமிடம் விட்டுவிட்டு, கேபிளை இறுகச் செருகிய பின் முதலில் தொலைக்காட்சியையும், இன்புட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு மடிக்கணினியையும் இயக்குங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், செட்டாப் பாக்ஸ் ஒன்றை அதே கேபிளில், அதே போர்ட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் கேபிளும் தொலைக்காட்சியும் குற்றமற்றவை. மடிக்கணினியில் படக்காட்சியை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது அதன் போர்ட் தேய்ந்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்பது கடைசிவரை விளங்காது.

படம் வந்த பின்னும் ஒலி மடிக்கணினியிலிருந்தே வந்தால், திரையின் வலது கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியின் வழியாகத் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேள்வி: திருமணங்களுக்குப் புகைப்படம், வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். அண்மையில் ஒரு மண்டபத்தில் இணைச்சீர் என்னும் திருமணச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, பந்தியில் அமர்ந்திருந்தவர்களும் பார்க்கட்டும் என்று உணவுக்கூடத்தில் ஒரு தொலைக்காட்சியை வைத்து 20 மீட்டர் கேபிள் இழுத்தேன். படம் வந்து வந்து மறைந்தது. அதே மடிக்கணினி வீட்டில் குறுகிய கேபிளில் நன்றாக வேலை செய்கிறது.
– வாசகர் ஒருவர், காங்கேயம்

பதில்: வீட்டில் வேலை செய்கிறது என்னும்போதே பாதி விடை கிடைத்துவிட்டது. சாதாரணச் செம்புக் கம்பி ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் தொலைவு கூடக் கூடச் சிக்னல் வலுவிழக்கும். பழைய கேபிள் டிவியில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கித் தெரியும். இங்கே அப்படிப் படிப்படியாக மங்குவதில்லை. ஓர் எல்லை வரை தெளிவாக இருக்கும். அதைத் தாண்டினால் மின்மினிப் புள்ளிகள் தெறிக்கும், பிறகு திரை முழுவதும் அணைந்து அணைந்து வரும். முழு ஹெச்.டி. (1920 × 1080 புள்ளிகள்) படத்துக்கு 10 மீட்டர் வரை நல்ல கேபிள் தாங்கும். அதற்கு மேல் கேபிளின் தரத்தைப் பொறுத்தது. 20 மீட்டருக்கு அதை நம்பித் தொழில் செய்யக் கூடாது.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒளியிழை கொண்ட ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், இது ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும் என்பதால், கணினிக்கு எந்த முனை, திரைக்கு எந்த முனை என்று அதில் குறித்திருப்பதைப் பார்த்தே செருக வேண்டும். முனை மாறியதால் ‘மட்டமான சரக்கு’ என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட கேபிள்கள் ஏராளம். மற்றொன்று, கேட் 6 நெட்வொர்க் கேபிளின் இரு முனைகளிலும் பொருத்தி, ஹெச்.டி.எம்.ஐ. சிக்னலை அதன் வழியே அனுப்பும் எக்ஸ்டெண்டர் பெட்டிகள். மண்டபத்துக்கு மண்டபம் அலைபவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். கூட்டத்தில் யாராவது மிதித்து அறுந்தால், நெட்வொர்க் கேபிளை எந்த ஊரிலும் வாங்கி முனை அடித்துக்கொள்ளலாம். ஒளியிழையை மடக்கி மிதித்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று.

கையில் வேறு எதுவுமில்லாத நேரத்தில், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் படத்தின் அளவை 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்தால், அதே கேபிள் தாக்குப்பிடிக்கவும் கூடும். விண்டோஸ் பொத்தானுடன் ‘கே’ எழுத்தை அழுத்திக் கம்பியில்லாமல் இணைக்கலாமே என்று கேட்பீர்கள். நான்கு சுவர் வீட்டுக்குள் அது நன்று. சுவர் தாண்டி, நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் நிறைந்த மண்டபத்தில் வேண்டாம்.

கேள்வி: பனியன் பிரின்டிங் டிசைன்களை வாடிக்கையாளருக்குப் பெரிய திரையில் காட்டுகிறோம். ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, சிறிய எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன, நிறமும் கணினியில் உள்ளதுபோல் இல்லை.
– டிசைனர் ஒருவர், திருப்பூர்

பதில்: ஓரம் வெட்டுப்படுவது படக்குழாய்க் காலத்தின் மிச்சம். ஓரங்களில் இருந்த குறைகளை மறைக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டும் வழக்கம், தட்டைத் திரைகளிலும் தொடர்கிறது. பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும் தேர்வை இயக்குங்கள். எழுத்துக் கலங்கலுக்கு, அந்த இன்புட்டின் பெயரை ‘பி.சி.’ என்று மாற்றினால் பல தொலைக்காட்சிகளில் தெளிவு கூடும். திரை ‘ஹெச்.டி. ரெடி’ வகையாக இருந்தால், அதில் பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகளே இருக்கும், முழு ஹெச்.டி. படம் அதில் சுருங்கித்தான் தெரியும்.

நிறத்துக்கு ‘விவிட்’ முறையை விட்டு ‘மூவி’ அல்லது ‘சினிமா’ முறைக்கு மாறுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், ஹெச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல் என்னும் அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஆனால் ஷேட் (நிறச் சாயல்) ஒப்புதலைத் திரையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அதற்கு லேப் டிப் எனப்படும் சாயமேற்றிய மாதிரித் துணியும், அதை நிலையான வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸும்தான் சரி. திரையில் டிசைனின் அமைப்பையும் அளவையும் மட்டும் பேசி முடியுங்கள்.

கேள்வி: அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடுகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை போர்ட்டுகள் மட்டுமே உள்ளன. மடிக்கணினியை இதில் இணைக்க முடியுமா?
– வாசகர் ஒருவர், சத்தியமங்கலம்

பதில்: முடியும். ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு (அந்த மூன்று வண்ணப் போர்ட்டுகளுக்கு) மாற்றும் சிறு பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் பார்வைக்கு இதுபோலவே இருக்கும் என்பதால், மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். அதற்கு யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட் மின்சாரம் தேவை. பக்கவாட்டில் சிறு சுவிட்ச் இருந்தால் அதை நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) பக்கம் வையுங்கள். படத்துக்கு அந்தத் திரையில் 576 வரிகளே உள்ளன. பழைய படங்கள் பார்க்கலாம். எழுத்துகளைப் படிக்க முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டையொட்டியே தறிக் கொட்டகை இருக்கிறது. மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது, உலோக விளிம்பைத் தொட்டால் சுறுசுறுவென்று இருக்கிறது. சென்ற மாதம் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டும் செத்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர் ஒருவர், பல்லடம்

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்பு மிகுதி. எர்த் இணைப்பு இல்லாத அடாப்டர்களில், மின்சார இரைச்சலை வடிகட்டும் உறுப்பின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் கருவியின் உலோகப் பகுதிக்குக் கசியும். தனியாக இருக்கும்வரை அது அந்தச் சுறுசுறு உணர்வோடு நின்றுவிடும். இரு கருவிகளும் மின்சாரத்தில் இருக்கும்போதே கேபிளைச் செருகினால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அந்த மெல்லிய முனைகளின் வழியே பாய்ந்து போர்ட்டைப் பொசுக்கிவிடக்கூடும். எனவே இரு பிளக்குகளையும் கழற்றிவிட்டு கேபிளைச் செருகுங்கள். மூன்று முள் அடாப்டராக இருந்தால், எர்த் முள்ளை ஒடித்தோ இரண்டு முள் பிளக்கில் சொருகியோ பயன்படுத்தாதீர்கள்.

வீட்டின் எர்த்தையும் மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். நம் பக்கத்துக் கோடையில் மண் வறண்டு எர்த் குழி பயனற்றுப் போவது இயல்பு. குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது தறிக்கும் நல்லது, கணினிக்கும் நல்லது. இடி மின்னல் நேரத்தில் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள். வெறும் சுறுசுறு உணர்வாக இல்லாமல் கையை உதறும்படி ஷாக் அடித்தால், அது கசிவன்று, பழுது. அந்த அடாப்டரைச் சரிபார்க்கும் வரை மீண்டும் செருக வேண்டாம்.