சி.ஆர்.பி. கூடியிருந்தால் மூளையில் அழற்சியா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஒன்றரை வருடமாக ஒலான்சபின் சாப்பிடுகிறான். ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 8 வந்தது. ‘மூளையில் அழற்சி, அதைச் சரிசெய்தால் மாத்திரையே வேண்டாம்’ என்கிறார் உறவினர். மஞ்சள் கேப்சூலும் ஆஸ்பிரினும் கொடுக்கலாமா?

பதில்: ஒலான்சபினை நிறுத்தாதீர்கள். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். உடம்பில் எங்கோ அழற்சி என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. ஈறு வீக்கம், சளி, பீடி, தொப்பை எதுவானாலும் 8 வரும். ஒலான்சபின் எடையை ஏற்றும் மருந்து என்பதால் இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் முதலில் பாருங்கள்.

உறவினர் சொல்வது முழுக் கட்டுக்கதையும் அல்ல. மூளையில் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கவாத்து செய்கின்றன. எதை வெட்டுவது என்று அடையாளமிடும் நோயெதிர்ப்புப் புரதங்களில் ஒன்று சி4. அதன் மரபணுவின் சில வடிவங்கள் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதை 2016-இல் கண்டார்கள். ஆனால் அழற்சியைத் தணிக்கும் மினோசைக்ளினை இங்கிலாந்தில் 207 பேரை வைத்து 12 மாதம் சோதித்தபோது பலன் இல்லை (2018). ஆஸ்பிரின் ஆய்வுகளில் நாளுக்கு 1000 மி.கி. வரை கொடுத்தார்கள், அதுவும் வழக்கமான மருந்தோடு சேர்த்துத்தான். வீட்டில் செய்தால் வயிற்றில் ரத்தக்கசிவுதான் மிஞ்சும். குழம்பு மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்சூல்கள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன.

மூளை அழற்சியே மனநோய் வேடத்தில் வருவதும் உண்டு. மூளை நரம்புச் செல்களில் சமிக்ஞையை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை, கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் எதிர்ப்பொருள்களே தாக்கும் நோய் அது, 2007-இல் விவரிக்கப்பட்டது. ஆகவே தம்பிக்கு எப்படித் தொடங்கியது என்று யோசியுங்கள். மாதக்கணக்கில் படிப்பு சரிந்து, ஒதுங்கி, பிறகு குரல் கேட்டதா? அது மனச்சிதைவின் வழக்கமான பாதை. மாறாக, காய்ச்சல் தலைவலிக்குப் பின் சில நாள், சில வாரங்களிலேயே எல்லாம் தலைகீழானதா? வலிப்பு, வாய் கோணி அசைதல், பேச்சு நின்றுபோதல், மறதி இருந்ததா? ஒன்றிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) இவற்றோடு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. சாதாரணமாக இருப்பதை வைத்து இந்நோயை ஒதுக்கக் கூடாது; ரத்தத்தை மட்டும் சோதித்தாலும் தவறிப்போகலாம். உறுதியானால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற எதிர்ப்பொருள்கள்) சிகிச்சை. பெண்களானால் சினைப்பைக் கட்டியையும் தேடுவார்கள்.

மாத்திரை சாப்பிடும் நாட்களில் கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்து நினைவு குழம்பினால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.