தந்தமில்லா ஆண் யானை

கேள்வி: எங்கள் கேழ்வரகுக் கொல்லைக்கு வரும் ஒற்றை ஆண் யானைக்குத் தந்தமே இல்லை. தந்த வேட்டையால் யானை இனமே மாறிவருகிறதா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: அது மக்னா, அதாவது இயல்பாகவே தந்தம் வளராத ஆண் யானை. வேட்டையால் இனம் மாறும் என்பது உண்மைதான். தந்தமுள்ளவை குட்டி போடுமுன் சாகின்றன, தந்தமில்லாதவை பெருகுகின்றன. மொசாம்பிக்கின் கோரோங்கோசா காட்டில், தந்தத்துக்காக யானைகள் பெருமளவில் கொல்லப்பட்ட 1977-1992 உள்நாட்டுப் போருக்குப் பின் தந்தமில்லாத பெண் யானைகள் 18.5 சதவீதத்திலிருந்து 51 ஆகிவிட்டன.

அந்தக் கணக்கை நம் காட்டுக்கு அப்படியே போடக்கூடாது. இங்கே பெண்ணுக்கு நீண்ட தந்தமே கிடையாது. கொம்பன்களை (தந்தமுள்ள ஆண்களை) வேட்டையாடியதில் முதலில் கெட்டது ஆண்-பெண் விகிதம். ஒரு மக்னாவை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, தலைமுறைகளாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெண் யானை என்று நினைத்து மட்டும் நெருங்கிவிடாதீர்கள். மக்னாவுக்குத் துதிக்கை முகத்தோடு சேரும் இடம் தடித்துப் புடைத்திருக்கும், கன்னத்தில் மதநீர் வழிந்தால் இன்னும் ஆபத்து.