டி.ஆர்.ராஜகுமாரி: பெட்டகத்துப் பாட்டுப் புத்தகங்களும் சில சந்தேகங்களும் (கேள்வி பதில்)

செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறையை ஒழிக்கும்போது கிடைத்த பாட்டுப் புத்தகம் (படத்தின் பாடல்களை அச்சிட்டு விற்ற சிறு புத்தகம்), இசைத்தட்டு, போஸ்டர் பற்றி வந்த கேள்விகளில், அந்தக் காலத் தமிழ் சினிமாக் கதாநாயகி டி.ஆர்.ராஜகுமாரி தொடர்பானவை மட்டும் இங்கே.

பள்ளத்தூரிலிருந்து: அண்ணே, எங்க ஆயா வீட்டுல 'ராஜகுமாரி'ன்னு ஒரு பாட்டுப் புத்தகம் கிடைச்சுது. எம்.ஜி.ஆர். பேரு போட்டிருக்கு. இது டி.ஆர்.ராஜகுமாரி நடிச்ச படம்தானே?

இல்லை தம்பி. அது ஜூபிடர் நிறுவனம் எடுத்த 1947ஆம் வருடத்துப் படம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம், கதாநாயகி கே.மாலதி. டி.ஆர்.ராஜகுமாரிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர ஒன்றுமில்லை. விற்கிறவர்கள் பலர் தெரிந்தேகூட இதை அவர் தலையில் கட்டுவார்கள்.

இரண்டு முறை எடுத்த படங்களிலும் இதே குழப்பம் வரும். 'பவளக்கொடி' 1934இல் வந்தது, அதில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும். ராஜகுமாரி நடித்தது 1949இல் டி.ஆர்.மகாலிங்கத்தோடு. 'குலேபகாவலி' 1935 வேறு, 1955 வேறு. 'மனோகரா'வும் அப்படித்தான்: 1936இல் பம்மல் சம்பந்த முதலியாரே நடித்தது ஒன்று, 1954இல் சிவாஜி நடித்தது ஒன்று. மூன்றிலும் பிந்தையதில்தான் இவர் இருக்கிறார். அட்டையை நம்பாமல் நடிகர் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து: எங்க புத்தகத்துல வருஷமே அச்சடிக்கலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் விலை. அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம், அன்றுதான் நயா பைசா வந்தது. அடுத்து பாட்டுக்கு மேலே ராகம், தாளம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாற்பதுகளின் புத்தகங்களில் 'கரகரப்ரியா – ஆதி' என்ற மாதிரிக் குறிப்பு சாதாரணம். ஐம்பதுகள் போகப்போக இது குறைந்து, பாடியவர் பெயர் மேலே வந்துவிடும்.

மூன்றாவது அச்சு. அந்தக் காலப் புத்தகம் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்தது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரல் நுனியால் மெல்லத் தடவினால் எழுத்தின் அழுத்தம் மேடாகத் தட்டுப்படும். வழவழவென்று இருந்தால் பிற்கால மறுபதிப்பு அல்லது நகல். வெறும் பழுப்பு நிறத்தை வைத்து வயது சொல்லாதீர்கள், தேத்தண்ணீரில் நனைத்தாலும் தாள் பழுக்கும்.

காரைக்குடியிலிருந்து: தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோ இருந்தப்ப டி.ஆர்.ராஜகுமாரி இங்க வந்து நடிச்சாங்கன்னு எங்க தெருவுல சொல்றாங்க. டி.ஆர்.மகாலிங்கம் அவங்க அண்ணன்தானா?

ரஸ்தாவில் எடுத்த படங்கள் என்றால் 'நாம் இருவர்' (1947), 'வேதாள உலகம்' (1948). இரண்டிலும் அவர் இல்லை. 'நாம் இருவர்' படத்தில் ஆடியது குமாரி கமலா, பாரதியார் பாட்டுக்குக் குரல் டி.கே.பட்டம்மாள். 1948இல் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. அதே வருடம் ராஜகுமாரி ஜெமினியின் 'சந்திரலேகா'வில் இருந்தார்.

உறவுக் கதை முதலெழுத்தால் வந்தது. மகாலிங்கம் சோழவந்தான் பக்கத்துத் தென்கரை. ராஜகுமாரி தஞ்சாவூர், இயற்பெயர் ராஜாயி, பிறந்தது 1922. அவருடைய உடன்பிறந்த தம்பி டைரக்டர் டி.ஆர்.ராமண்ணா. டி.ஆர்.சுந்தரம், டி.ஆர்.ராமச்சந்திரன் எல்லாரையும் ஒரே வீட்டுக்காரர்களாக்கிவிட வேண்டாம்!

நம்ம பக்கத்துத் தொடர்பு வேண்டுமென்றால் உண்மையிலேயே இருக்கிறது. அவருடைய கடைசிப் படமான 'வானம்பாடி' (1963) சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனின் சொந்தத் தயாரிப்பு.

கானாடுகாத்தானிலிருந்து: 'ஹரிதாஸ்' மூணு தீபாவளி ஓடுச்சுங்கிறாங்க. படம் பார்த்தா ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. வெட்டிட்டாங்களா?

வெட்டவில்லை. யுத்த காலத்தில் பிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடம். 1943–45இல் வந்த படம் எதுவும் சுருக்கமாக இருந்தால் முதலில் இதை நினையுங்கள். யுத்தம் முடிந்து வந்த 'சந்திரலேகா' மூன்று மணி நேரத்தைத் தாண்டும்.

மூன்று தீபாவளி உண்மைதான். 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளி வரை. ராஜகுமாரி அதில் மனைவி இல்லை, தாசி ரம்பா. மனைவியாக வந்தவர் என்.சி.வசந்தகோகிலம்.

கோட்டையூரிலிருந்து: 'சந்திரலேகா'வுக்கு அப்புறம் அவங்களுக்கு வாய்ப்பே இல்லாம போச்சுன்னு எழுதுறாங்களே, சரியா?

சரியில்லை. பாட்டுப் புத்தகங்களை வருட வரிசையில் அடுக்கினாலே தெரிந்துவிடும். 'கச்ச தேவயானி' (1941), 'மனோன்மணி' (1942), 'குபேர குசேலா' (1943), 'ஹரிதாஸ்', 'பங்கஜவல்லி' (1947), 'சந்திரலேகா' (1948), 'கிருஷ்ண பக்தி', 'பவளக்கொடி' (இரண்டும் 1949), 'இதய கீதம்' (1950), 'வனசுந்தரி' (1951), 'அமரகவி' (1952). பி.யு.சின்னப்பா, பாகவதர், மகாலிங்கம் என்று அன்றைய பாட்டு நாயகர்கள் அத்தனை பேருக்கும் ஜோடி. சரிந்தது அவர் மட்டுமில்லை, அந்த வகைப் படமே. சின்னப்பா 1951இல் இறந்துவிட்டார். பாகவதர் சிறையிலிருந்து வந்தபின் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. ஜோடி போட ஆளில்லாமல் போனால் நாயகி என்ன செய்வார்?

அவர் செய்தது, வேடத்தை மாற்றிக்கொண்டது. 'அன்பு' (1953) படத்தில் சிவாஜிக்குச் சிற்றன்னை, அப்போது அவர் வயது 31, சிவாஜிக்கு 24. 'மனோகரா'வில் வசந்தசேனை. கண்ணாம்பாவின் கர்ஜனைக்கு எதிரே குரலை உயர்த்தாமல் நின்று காட்டிய வில்லத்தனம் அது. என்னைக் கேட்டால் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைவிட இதுதான் அவர் நடிப்பின் உச்சம், முரசு நடனத்தில் பாதிப் புகழ் ஜெமினி முதலாளி எஸ்.எஸ்.வாசனின் பணத்துக்குப் போக வேண்டும். 'தங்கப்பதுமை'யில் (1959) நாட்டியக்காரி. 'பாசம்' (1962) படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. மகனைவிட அம்மா ஐந்து வயது இளையவர்!

இதற்கு நடுவில் தம்பியோடு சேர்ந்து ஆர்.ஆர்.பிக்சர்ஸ். முதல் படம் 'வாழப்பிறந்தவள்' (1953). அடுத்தது எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954). 'குலேபகாவலி'யும் இவர்களுடையதே. தி.நகர் பாண்டி பஜாரில் ராஜகுமாரி தியேட்டர் வேறு. வாய்ப்பில்லாதவர் கணக்கு இப்படியா இருக்கும்?

கோட்டையூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. சந்தேகமான புத்தகத்தை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செக்காலையிலிருந்து: ராமபாணப் பூச்சி அரிச்ச புத்தகங்களை வேப்பிலை போட்டு வைக்கலாமா? லேமினேட் செய்யலாமா?

இரண்டும் வேண்டாம். வேப்பிலையில் ஈரம் இருந்தால் கறை இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். லேமினேட் செய்தால் சூட்டில் பசை தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சள் பட்டையாக நிற்கும்.

முதலில் துருப்பிடித்த பின்னை எடுங்கள். பின்பக்கம் மடங்கிய காலை மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்தி, முன்பக்கமாக உருவ வேண்டும். இழுத்தால் மடிப்பு கிழியும். அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். பிறகு பூச்சி சாக, பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் மூடி, வீட்டு டீப் பிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் தாள் வியர்த்துவிடும். தேக்குப் பெட்டகத்தில் வைப்பதானால் மரம் நேராகத் தாளில் படாமல் அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம்.

புதுவயலிலிருந்து: 78 தட்டை (நிமிஷத்துக்கு 78 சுத்து ஓடுற பழைய இசைத்தட்டு) ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

துடைத்தால் தட்டு போச்சு. அது அரக்கு, ஸ்பிரிட் அதைக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம், மெல்லிய துணி, வரியின் போக்கிலேயே வட்டமாக. நடு லேபிள் நனையக் கூடாது. பிற்காலத்து எல்.பி. இசைத்தட்டுக்கான ஊசியால் ஓட்டாதீர்கள், அதன் நுனி சுமார் 25 மைக்ரான், 78க்கு வேண்டியது 75. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். கையால் சுற்றும் பழைய கிராமபோன் பெட்டியானால் எஃகு ஊசியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும், நிறுத்தி வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து: முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் 'சந்திரலேகா' போஸ்டர் ஒண்ணு விலைக்கு இருக்குன்னு சொல்றாங்க. அசலா?

பத்து மடங்கு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கல்லச்சுப் போஸ்டரில் வண்ணம் ஒழுங்கில்லாத பொடிப்பொடியாகத் தெரியும். சீரான புள்ளிகள் பூப்போல வட்டமிட்டு நின்றால் பிற்கால ஆப்செட். சுவரில் ஒட்ட மடித்துக் கொடுத்தது என்பதால் அசலில் மடிப்புக் கோடுகள் இருக்கும், அந்த மடிப்பில் மை உதிர்ந்திருக்க வேண்டும். மடிப்பும் சேர்ந்து அச்சாகியிருந்தால், ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: பழைய பிலிம் டப்பா ஒண்ணு இருக்கு. துருப்பிடிச்சு மூடி இறுகிடுச்சு.

நெம்பித் திறக்க வேண்டாம். ஐம்பதுகளின் தொடக்கம் வரையிலான 35 எம்.எம். பிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீரில்கூட அணையாது. வெயில் படாத, அடுப்பங்கரைக்கு எட்டாத இடத்தில் வைத்து, டப்பாவின் வெளிப்புறத்தைப் போட்டோ எடுத்துப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பார்சலில் அனுப்பிவிடாதீர்கள், அவர்கள் சொன்ன பிறகு அவர்கள் சொல்கிற விதத்தில்தான் அனுப்ப வேண்டும்.