கல்லை வேகவைக்காதீர்கள்!

கேள்வி: காரைக்குடி வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் உள்ள கல்லில் ஒட்டி வளரும், பட்டன்போல் வட்டமான பட்டன் பவளங்களுக்கு நடுவே கண்ணாடிபோல் பழுப்புப் பூக்கள் முளைக்கின்றன. கத்தியால் சுரண்டினேன், ஒன்று பத்தாகிவிட்டது. பக்கத்துப் பவளங்கள் விரிவதே இல்லை. கல்லை வேகவைத்துவிட்டுப் புதுக் கல் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார், கல் கொண்டுவந்து தந்தவர். செய்யலாமா?

பதில்: வேகவைக்கவே வேண்டாம். பட்டன் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். அப்படிக் கொதித்த கல்லின் ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இனி அந்தக் கல்லைத் தொடும்போதெல்லாம் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தொட்டியில் முளைப்பது ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி. பூவல்ல, விலங்கு. தொட்டால் சட்டென்று துளைக்குள் இழுத்துக்கொள்கிறதா? அதுவேதான். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிச் சுருங்க வைக்கும். கல்லில் ஒட்டி நிற்கும் ஒரு துணுக்கு போதும், முழு உயிராக வளர்ந்துவிடும். நீங்கள் கத்தியால் செய்தது அறுவடை அல்ல, நாற்று நட்டது.

கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் ஐப்டேசியாவின் வாயை மூடும்படி வையுங்கள். அரை மணி கழித்துப் பம்பைப் போடலாம். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், நீரின் காரத்தன்மை எகிறிவிடும். சுண்ணாம்புதானே என்று சுவருக்குக் கலக்கியதையோ வெற்றிலைச் சுண்ணாம்பையோ எடுக்காதீர்கள், அவற்றில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கும் என்று தெரியாது. உப்புநீர் கலக்கப் பித்தளை அண்டாவும் ஆகாது. செம்பு கசிந்தால் இறால், நத்தை, பவளம் எதுவும் தப்பாது. 'எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து' என்று விற்பதிலும் செம்பு இருக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மிண்ட் இறால் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒட்டக இறாலைத் தலையில் கட்டுவார்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன், ஒரு வாரத்தில் பட்டன் பவளங்களை மேய்ந்துவிட்டது. முதுகில் கூன், உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று இருந்தால் அது ஒட்டகம். பெப்பர்மிண்ட் மங்கலானது, ஒளி ஊடுருவும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும்.

இரவில் டார்ச் அடித்தால் முள்ளுப் புழுக்கள் தெரியும், பதறாதீர்கள். செத்த பவளத்தின் மேல் அவை கூடியிருப்பதைப் பார்த்து, அவைதான் கொன்றன என்று பலர் பிடித்து எறிகிறார்கள். காக்கை செத்த எலியைக் கொத்தினால் எலியைக் கொன்றது காக்கையா? மிச்ச உணவையும் அழுகலையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை அவை. விட்டுவிடுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் ஏறும்.

அப்புறம், அந்தக் 'கல்'. கல் பவளம், கடல் விசிறி, கருப்புப் பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த பவளக் கல்லும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் பெயர்த்ததைச் சாக்கில் கட்டி வருகிறவர் பில் தருவதில்லை. பிடிபட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. விற்றவர் மறைந்துவிடுவார், வாங்கியவர் கதவைத்தான் தட்டுவார்கள். எது செல்லும், எது செல்லாது என்று ஆசைக்கு வளர்ப்பவருக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தர இத்தனை ஆண்டில் எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவரிடம் இனி எதையும் வாங்காதீர்கள். செயற்கைக் கல் போதும்.

ஐப்டேசியா ஒழிந்தும் பட்டன்கள் விரியாவிட்டால், அடிப்பக்கம் வெள்ளைச் சுருளாக முட்டை தெரிகிறதா பாருங்கள். அது பட்டனைத் தின்று அதன் நிறத்திலேயே ஒளியும் ஓடில்லா நத்தை. முட்டையைச் சுரண்டி எடுங்கள், பவளத்தை முக்கியெடுக்கும் எந்த மருந்துநீரும் முட்டையைக் கொல்லாது. வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் திரும்பப் பாருங்கள்.