கையெழுத்துக்கு மட்டும் ஒரு கூட்டமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் சுற்றறிக்கையை வாசிப்பார், யாருக்கு என்ன வேலை என்று சொல்வார், பதிவேட்டை நீட்டுவார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவோம். எங்கள் கருத்துக்கு இடமே இல்லையா?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

பதில்: டீச்சர், நானும் இந்தக் கரையோரத்தில் தலைமையாசிரியராக இருந்தவன்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், சாயங்காலத்துக்குள் புள்ளிவிவரம் கேட்டு வரும் தபாலே ஆளை அமுக்கிவிடும். அதனால் எல்லாவற்றிலும் பங்கு கேட்டு நிற்காதீர்கள். இடமாறுதலும் நிதி விதியும் அவர் கையிலேயே இல்லை. அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கேளுங்கள்.

ராமேசுவரம் பக்கம் நான் இருந்த ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் புதன்கிழமை குறித்து மேலிருந்து தாள் வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் பார்த்ததும், “சார், புதன்கிழமை விசைப்படகு போகுமே, பாட்டிமார்தான் வருவாங்க” என்றார். திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும். மற்ற நாளில் நாட்டுப்படகு. வியாழனுக்கு மாற்றலாம் என்றால் நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள். அப்புறம் பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் வேறு. எந்தப் பிள்ளை வீட்டில் யார், என்றைக்குக் கரையில் இருப்பார்கள் என்று வகுப்பாசிரியர்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். கூட்டத்தை இரண்டு நாளாகப் பிரித்தோம். மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவதையும் அவர்களே மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் வீட்டில் இருப்பார்களே!

நீங்களும் இப்படி ஒன்றைப் பிடியுங்கள். தனியாக எழுந்து பேசாமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். ஏற்றாரா, இல்லையென்றால் ஏன் என்பது பதிவேட்டில் ஒரு வரியாவது ஏறட்டும். அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அங்கேதான் தயாராகிறது. ஆசிரியர் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அந்த இடத்துக்கு யார் போவது என்று நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தலைமையாசிரியருக்கு வேண்டியவர் பெயர் தானாக விழுந்துவிடுகிறது. (இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. பள்ளி விஷயங்களில் ஆசிரியர் தம் கருத்தைச் சொல்ல முறையான வழியே இல்லை என்று அமெரிக்காவில் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1903-லேயே குறைப்பட்டிருக்கிறார்.)

கேள்வி: எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் நடக்காதே?
– ஒரு தலைமையாசிரியர், கீழக்கரை

பதில்: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய அன்று பிள்ளைகளை எந்த அறையில் உட்கார வைப்பது என்று ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லவில்லை சார். அதை நீங்களே முடிவு செய்யுங்கள். செய்த பிறகு “என்ன நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதுதான் எரிச்சல். வரும் ஆண்டு கால அட்டவணையை முழுசாக ஆசிரியர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கடைசி பீரியடு யாருக்கு என்று அவர்களுக்குள் ஒரு சண்டை வரும். வரட்டும், நீங்கள் டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.